வெள்ளிக்கிழமைச் சேதியின் கடைசி வரி

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஓர் அழுகல் முட்டையை மோந்து பார்த்துவிட்டு அழுதேன்.

ஆம்லெட் போடலாம் என்று உடைத்தேன். குப்பென்று வந்தது. வேறு எவனாக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பான். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நம் ரூமில் உம் கட்டிலுக்கு இப்போது ஓர் அரியலூர்க்காரர் வந்திருக்கிறார். பிட்டர் வேலை, நல்ல மனுஷன். பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "ஏண்ணே, ஒரு முட்டைக்குப் போயா அழுவுறீங்க? வுடுங்க, நான் ஒரு தட்டே வாங்கியாறேன்" என்றார். "வெங்காயம்" என்றேன். வெங்காயம் உரிக்காமல் கூடையில் கிடந்தது. அவர் அதையும் பார்த்தார்.

உமக்கென்றால் சொல்லாமலே விளங்கியிருக்கும். இந்த ஓமானில், சோஹார் துறைமுகத்துப் பக்கம் காற்று திரும்புகிற நாட்களில் இதே நாற்றம் நம் பிக்கப் வண்டிக்குள் லேசாக வரும். நான் கண்ணாடியை ஏற்றுவேன். நீர் இறக்குவீர்.

"ஏத்தாதயும்வே. எங்க டிபார்ட்மென்ட் வாசம் இது."

பல்கலைக்கழக வேதியியல் லேபில் ஒரு கண்ணாடிச் சாடியில் இந்த வாயுவை உண்டாக்குவீர்களாம். சாயங்காலம் மொத்தக் கூட்டமும் இதே வாசத்தோடு பஸ் ஏறுமாம். கண்டக்டர் உங்களை மட்டும் பின்படியில் நிறுத்துவாராம்.

"இத்தனை வருசம் படிச்சு வாங்குன பட்டம் இதுதானாவே?" என்று கேட்டேன்.

"பட்டத்தைக் கரையான் தின்னுட்டு. இது மட்டும் போவ மாட்டேங்கு" என்றீர்.

நீர் கெமிஸ்ட், நான் டிரைவர். பெரிய கம்பெனியாக இருந்திருந்தால் உமக்குத் தனி பிளாட் கொடுத்திருப்பான், நான் உம்மை வணங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டிருப்பேன். நம்முடையது தண்ணீர் பரிசோதிக்கிற சின்னக் கம்பெனி. அதனால் ஒரே ரூம், ஒரே வண்டி. ஆலை ஆலையாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் அடுக்குவோம். வழி முழுக்க நீர் அந்த டிபார்ட்மென்டைப் பற்றியே பேசுவீர். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் கேட்டுக் கேட்டே எம்.எஸ்ஸி. முடித்தேன்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழு. வளைகுடாவில் இருக்கிற உம் டிபார்ட்மென்ட் ஆட்கள் எல்லாரையும் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தீர். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். விடிந்தால் ரோஜாப்பூவும் காலை வணக்கமும். பிறகு, லேபில் மேசை தீப்பிடித்தது எந்த பேட்ச் காலத்தில் என்று ஒரு சண்டை. எங்களால்தான் எரிந்தது, இல்லை எங்களால்தான் எரிந்தது என்று இரண்டு பேட்சும் பெருமைக்கு அடித்துக்கொண்டன. நீர் சலித்துப்போய் எல்லார் வாயையும் பூட்டினீர். இனி அட்மின் மட்டும்தான் எழுதலாம். சேதி இருந்தால் உமக்குத் தனியாக அனுப்ப வேண்டும். நீர் தொகுத்து வெள்ளிக்கிழமை காலையில் போடுவீர்.

போடுவதற்கு முன்னால் என்னிடம் வாசித்துக் காட்டுவீர். அந்த முதல் நாள் நினைவிருக்கிறதா?

"தம்மாமில் இருக்கும் நம் ஜூனியருக்கு ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்" என்று வாசித்தீர்.

"தகப்பன்?" என்றேன்.

"அவனுக்கு என்னவே?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல மயங்கி விழுந்தான்னு நீர்தானே சொன்னீரு? அவனையும் போடும். தகப்பன் தேறி வருகிறார்னு."

நீர் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து எல்லாச் சேதிக்கும் கடைசி வரி என்னுடையது. குவைத்தில் ஒருவர் மேனேஜர் ஆனாரா, 'இனி இவரும் போனை எடுக்கமாட்டார்.' மஸ்கட்டில் ஒருவர் புதுக் கார் வாங்கினாரா, 'லிப்ட் கேட்பவர்கள் தவணையில் பங்கு தரவும்.' யாருக்கும் தெரியாது. உமக்கும் எனக்கும் ஸ்டியரிங்குக்கும்தான் தெரியும்.

வருஷத்துக்கு ஒரு தடவை துபாய் கராமாவில் ஒரு ஹோட்டலில் கூடுவீர்கள். சோஹாரிலிருந்து நான்தான் ஓட்டி வருவேன். வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றால் விடமாட்டீர், மாடி ஹாலுக்கு இழுத்துப் போவீர். அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொருவராக எழுந்து பேர், பேட்ச், அதோடு பிராக்டிகல் பரீட்சையில் தனக்கு வந்த உப்பு எது என்று சொல்ல வேண்டும். பேரில்லாத வெள்ளைப் பொடியைக் கையில் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களாமே, அது. முறை என்னிடம் வந்தது. நான் எழுந்தேன்.

"என்ன உப்புன்னு தெரியலீங்க. கையில மாங்கா இல்லாததால அப்படியே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

ஹாலே சிரித்தது. எதிர் மேசையில் ஒரு கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்காமல், "சார் எந்த பேட்ச்?" என்று கேட்டார். நான் உம்மைப் பார்த்தேன். நீர் இட்லியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "என் பேட்ச்" என்றீர். அவ்வளவுதான். மனிதர் சாம்பார் கேட்கப் போய்விட்டார்.

லீவுக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில் என் போனை வாங்கி ஏதோ செய்தீர். "உம்மையும் குழுவுல சேர்த்து அட்மின் ஆக்கிருக்கேன். யாராவது சேரணும்னு கேட்டா சேர்த்து விடும். ஒரு மாசம்தானவே" என்றீர்.

லீவ் பாதியில் உம் தம்பி போன் செய்தார். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே போனீராம். அதை நான் நம்புகிறேன். எனக்கு லீவ் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அன்றைக்கும் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

குழு ஊமையாகிவிட்டது. உம் போனைத் திறக்க மதினிக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு கூட்டம் இருப்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தனை படித்தவர்களும் வாய் பூட்டிய நிலையில் உட்கார்ந்திருக்க, பேசக்கூடிய ஒரே ஆள் நான். பேசவில்லை. வெள்ளிக்கிழமைகள் போயின. எழுதினால் நான் யார் என்று கேட்பார்கள், வெளியே தள்ளுவார்கள் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிது வேறொன்று. நான் எழுதாதவரை அவர்களுக்கெல்லாம் நீர் லீவில்தான் இருந்தீர்.

போன வாரம் சவூதி யான்புவிலிருந்து உம் டிபார்ட்மென்டில் படித்த ஒரு டீச்சர் எனக்குக் குரல் பதிவு அனுப்பினார். குழுவில் இன்னொரு அட்மின் யார் என்று தேடிப் பிடித்திருக்கிறார்.

"அண்ணே, கராமால மாங்கா இல்லன்னு சொன்னது நீங்கதானே? நான் பக்கத்து மேசைல இருந்தேன். சாருக்கு எது அனுப்புனாலும் ஒத்த டிக்காவே நிக்குது. எம் மகளுக்கு நம்ம டிபார்ட்மென்ட்லயே சீட் கெடச்சிருக்குண்ணே. அதை வெள்ளிக்கிழமை சார் எழுதுனாத்தான் எனக்குக் கெடச்ச மாதிரி இருக்கும். சார் நல்லாத்தானே இருக்காங்க?"

போன் செய்து சொன்னேன். டீச்சர் அழுதார். பிறகு, "எல்லாருக்கும் நீங்க எழுதிச் சொல்லிடுங்கண்ணே" என்றார்.

"எனக்கு எழுத வராதும்மா."

"வந்தமாதிரி எழுதுங்க. சார் மாதிரி அந்தக் கடைசி வரி யாருக்கும் வராது, அது வேணாம். அதுக்காகத்தான் நாங்கல்லாம் படிக்கிறதே. எங்கேருந்துதான் புடிப்பாங்களோ!"

"ஆமாம்மா, கெட்டிக்காரர்" என்றேன். இதைக் கேட்டு நீர் எங்கிருந்தாவது சிரித்திருப்பீர்.

நேற்று முட்டையைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் டீச்சர் மகளின் சீட்டைப் போட்டேன்: 'இரண்டு வருஷம் பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், வாழ்த்துகள்.' அது சுலபமாக வந்தது. அடுத்து உம் பெயரை எழுதினேன். பெயருக்குப் பின்னால் அந்த வார்த்தையைப் போட விரல் வரவில்லை. அழித்து அழித்து எழுதினேன். 'லீவில் ஊருக்குப் போன இடத்தில் காலமானார்.' அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசி வரி இல்லாமல் போனால் அது உம் சேதியாகவே இருக்காது. இன்று விடிந்த பிறகுதான் வந்தது: 'இவர் குறட்டையைப் பற்றித் தினமும் புகார் சொன்ன ரூம்மேட், இப்போது அந்தச் சத்தம் இல்லாததால் தூங்க முடியாமல் கிடக்கிறான்.'

அனுப்பினேன். எல்லாரும் எழுதலாம் என்று பூட்டையும் திறந்துவிட்டேன்.

என்ன வெள்ளம் வே! பரீட்சையில் யார் யாருக்கு உப்பின் பெயரை நீர் கிசுகிசுத்தீர் என்று இன்றுதான் வெளியே வருகிறது. ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். உம் புண்ணியத்தில்தான் இந்த வளைகுடா முழுக்கக் கெமிஸ்ட்.

புதிதாக வந்திருக்கும் கெமிஸ்ட் தங்கமான பையன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு உம் இடத்தில் உட்கார்ந்து வருகிறார். எதைப் பார்த்தாலும் எனக்கு இன்னமும் கடைசி வரி தோன்றிக்கொண்டே இருக்கிறது. ரவுண்டானாவில் ஒட்டகம் நின்றாலும் தோன்றுகிறது. வாயைத் திறந்து பக்கத்தில் திரும்புவேன். பிறகு மூடிக்கொண்டு கியரை மாற்றுவேன். வேறு என்ன செய்ய?

மத்தியானம் உங்கள் பழைய துறைத்தலைவர், நீங்களெல்லாம் பெரிய சார் என்று நடுங்குவீர்களே, ஊரில் இருந்தாலும் மரியாதைக்காக நீர் சேர்த்து வைத்திருந்தீரே, அவர் குழுவில் குரல் பதிவு போட்டார். வயதான குரல். உம் பெயரைச் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நிறுத்திவிட்டார். அவரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று அவர் பெயரைத் தொட்டேன். போன் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. இங்கிலீஷில் எது கேட்டாலும் ஓகே கொடுப்பது என் பழக்கம்; கொடுத்தேன். பெரிய சார் குழுவிலிருந்து நீக்கப்பட்டார் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வந்திருக்கிறது. திரும்பச் சேர்ப்பது எப்படி என்று கேட்க யான்பு டீச்சருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்த அறிவிப்புக்குக் கீழேயும் ஆழ்ந்த இரங்கல்கள் வந்துகொண்டிருக்கின்றன.