தலைமைக் கிளாக்கரின் மாமிக்கு அழுத கண்கள்

நானா,

உங்கள் ஜனாஸாவில் நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. வெட்கக்கேடுதான். பாதைப் படகில் கடல் கடந்து கிண்ணியாவுக்கு வந்து, கைலேஞ்சியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றேன். கண் இரண்டும் கச்சான் காற்றில் காயப்போட்ட கருவாடு. உங்கள் மனைவியின் தம்பி எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "ஊரில எல்லாச் செத்தவீட்டிலயும் அழுற மனிசன், எங்கட மச்சானுக்கு மட்டும் ஒரு சொட்டும் இல்லை, பாருங்க."

இன்று காலுறை தேடி அலுமாரியின் அடித்தட்டைக் கிளறியபோது, நீங்கள் வெட்டித் தந்த பிளனல் துணி கையில் பட்டது. அதனால்தான் இந்த மடல்.

என் அழுகையின் சாதகம் உங்களுக்குத்தானே தெரியும். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளின் குறி பார்த்துப் பதிகிற வேலை எனக்கு. கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் அறுக்கும், பிறகு கொட்டும். அந்த நேரம் பார்த்துத் தலைமைக் கிளாக்கரின் மாமி செத்துப்போனா. முகத்தைக் காட்டிவிட்டு வரப் போனவனுக்குக் கதிரையில் இருக்க முன்னமே கண்ணால் ஆறாய் ஓடியது. முன்வரிசையில் இருத்தினார்கள். ஒரு அக்கா என் தோளைத் தடவி, "கிழவிக்கு நீங்க என்ன முறை, தம்பி?" என்று கேட்டா. கிழவியை உயிரோடு நான் பார்த்ததே இல்லை!

அதன்பிறகு எந்தச் செத்தவீட்டிலும் எனக்கு முன்வரிசைதான்; நான் வேலைக்குப் பிந்திப் போனாலும் தலைமைக் கிளாக்கர் வாய் திறப்பதில்லை. இவ்வளவு உதவுகிற கண்ணை எவன் வைத்தியம் பார்ப்பான்? ஆனால் பெட்டியின் குறிகளும் நீந்தத் தொடங்கின. ஒருநாள் ஒரு கப்பலின் பெட்டிகளை இன்னொரு கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். மாமியின் கடன் அத்தோடு தீர்ந்தது. "இன்னொரு பிழை விட்டா, ஐசே, பேனையை வச்சிட்டு கேற்றில நில்லும்" என்றார்.

அப்படித்தான் துறைமுக ஆஸ்பத்திரியின் கண் அறையில் அப்போதிக்கரியாக, பாதி வைத்தியராக, இருந்த உங்களிடம் ஓடி வந்தேன்.

"கண்ணில தண்ணி கூடிப்போச்சு, நானா. நிப்பாட்ட மருந்து தாங்கோ."

நீங்கள் பூதக்கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தீர்கள். கண்ணாடிக் குச்சியால் இமை விளிம்பை மெல்ல அழுத்தினீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"தண்ணி கூடேல்லை. உம்மட கண் காய்ஞ்சு போச்சு."

"காய்ஞ்ச கண் ஏன் ஒழுகுது? பகிடி விடாதேங்கோ."

யன்னலடிக்குக் கூட்டிப்போனீர்கள். கப்பலோரத்துத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. "அந்த மாதிரி கண்ணீருக்கு மேலயும் மெல்லிசா எண்ணெய் படரவேணும். இல்லாட்டி ஈரம் நிக்காது. இமை விளிம்பில இருக்கிற சுரப்பியள்தான் அதைத் தாறது. உமக்கு எண்ணெய் பற்பசை மாதிரி இறுகி, அதுகளின்ர வாயை அடைச்சுப்போட்டுது. கண் காயுது, எரியுது; எரியிற கண் தண்ணியைக் கொட்டுது. இது அழுகையில்லை, ஐசே. வெறும் தண்ணி இறைப்பு."

துணியைச் சுடுதண்ணீரில் பிழிந்து, மூடிய இமையில் வைக்கவேண்டும், ஆறினால் திரும்பவும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் நீவி, விளிம்பைத் துடைக்கவேண்டும். காலையும் பின்னேரமும். "விட்டீரோ, திரும்பவும் ஒழுகும்" என்றீர்கள். என் மனிசி அதைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு முக அலங்காரம் நடக்குது" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அறிவித்தா.

சில கிழமைகளில் குறிகள் நீந்துவதை நிறுத்தின. வேலை தப்பியது. செத்த வீடுகளில் முன்வரிசைதான் பறிபோனது. அதை உங்களிடம் முறையிட்டபோது, "நல்லதுதானே. இனி வாறது உம்மட சொந்தக் கண்ணீர்" என்றீர்கள்.

அந்தச் சொந்தக் கண்ணீரைத்தான் உங்களுக்காக வைத்திருந்தேன், நானா. வேண்டிய அன்று வரவில்லை.

இப்போது வருகிறது. இந்தக் கடுதாசியில் இரண்டு வரி மை ஊறிப்போயிற்று. உங்கள் மச்சானிடம் கொண்டுபோய்க் காட்டலாமென்றும் நினைத்தேன். ஆனால் கண்ணீரைக் கண்டால் முதலில் இமையைப் பார்க்கிற உங்கள் பழக்கம் என்னோடு தங்கிவிட்டதே. இது அழுகையோ, வெறும் தண்ணி இறைப்போ?

அந்தத் துணி ஏன் அடித்தட்டில் கிடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அதை நான் நனைக்கவே இல்லை.