கை நனைக்காத வீடு

11.9.78, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் இன்று கிரேக்கக் கதைகள் தொடங்கினேன். ஆங்கிலத் துணைப்பாடத்தில் முதல் கதையே மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. தாய் டிமீட்டர், பயிர் பச்சைக்குத் தெய்வம். மகள் பெர்சிஃபனி பூப்பறிக்கப் போன இடத்தில் பாதாளத்து ராஜா ஹேடீஸ் தேரோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். புத்தகம் போட்ட புண்ணியவானுக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா? முப்பத்தெட்டுப் பெண்களுக்கு முன்னால் குரல் உடையாமல் இரண்டு பக்கம் வாசித்து முடித்தேன். அதற்குமேல் பெயர்களைச் சொல்லப் பழக்குவதிலேயே பீரியட் போய்விட்டது. நல்லதாய்ப் போயிற்று.

13.9.78, புதன்

தாய் அழுது அழுது பூமியைக் காயப் போட்ட இடம் வரை நடத்தினேன். அழுகையைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. முதல் கேள்வி, “ஹேடீஸ் அவளுக்கு என்ன முறை டீச்சர்?”

டிமீட்டருக்குக் கூடப்பிறந்தவன் என்றேன். வகுப்பு முழுக்க முகம் தெளிந்துவிட்டது.

“தாய்மாமன்லா! பெறகு எதுக்கு அந்தம்மா இந்த அழுகை அழுதாவ?” என்றாள் பத்திரகாளி.

“முறைன்னா? கேட்டுல்லா கூட்டிட்டுப் போகணும்?” என்று சீனித்தாய் சண்டைக்கு எழுந்தாள். இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தினமும் பத்து நிமிடம் பிந்தி வருவாள், வந்தால் வாய் மூடாது.

பெண்ணின் தகப்பனும் அவர்கள் இரண்டு பேருக்கும் கூடப்பிறந்தவன்தான் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு ஒரு வீட்டிலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள்.

17.9.78, ஞாயிறு

புதூருக்கு, மாமனார் வீட்டுக்குப் போய் வந்தேன். வேலுத்தாய்க்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. ஐந்து வயதுக்குள் ஆடுமா? ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு என் மகளை நான் பார்க்கலாம். மாமனார் வாயால் அப்படிச் சொல்லவில்லை, நடந்து நடந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. என் கணவர் இறந்து பதினாறாம் நாள் கழிந்ததும் நான் வேலைக்கு மனுப் போட்டேன். அதிலிருந்து வந்த வினை எல்லாம். “போறவ போகட்டும், எம் மகன் செண்பகராஜு பிள்ளை இங்கனதான் வளரும்” என்றார் மாமனார். அன்றைக்கு ஊர் பார்க்க வாசலில் நின்று சொன்னேன், பிள்ளையைக் கையில் தரும்வரை இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று. இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் குடிக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் கரிசல் வெயிலில் நடந்து போய், நாக்கு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்து, அதே இரண்டு மைல் திரும்பி நடந்தேன். மாமனார் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு திரித்தார். ஒரு வார்த்தை இல்லை. இருக்கட்டும். எத்தனை நாளைக்கு? நானும் பார்க்கிறேன்.

18.9.78

பாடம் நடத்தவில்லை. டிக்டேஷன் போட்டேன்.

20.9.78, புதன்

மகள் பாதாளத்தில் நாலைந்து மாதுளை விதையைத் தின்றுவிட்டாள், அதனால் முழுதாகத் திரும்பி வர முடியவில்லை, வருடத்தில் பாதி அங்கே, பாதி தாயிடம். நாலு விதைக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று கேட்பார்கள் என நினைத்து, கிரேக்கர் நம்பிக்கை, அது இது என்று ஒரு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். ஒருத்திக்கும் சந்தேகமே வரவில்லை.

“அங்கன கை நனைச்சிட்டாள்லா டீச்சர். பெறகு அது அவ வீடுதானே?”

“பொண்ணு பாக்க வாரவிய கூட, பிடிச்சாத்தான் காப்பியே குடிப்பாவ.”

எல்லாத் தலையும் ஆடின. குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்தச் சட்டம் எனக்குத் தெரியாததா? இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

27.9.78, புதன்

காலாண்டுத் தேர்வுத் தாள்கள். டிமீட்டராக நீ இருந்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். பதினோரு பேர் போலீஸ் ஸ்டேஷன் போகிறார்கள். ஊர்க்கூட்டம் கூட்டுகிறவர்கள் ஆறு பேர். பத்திரகாளி அண்ணன்மாரை அனுப்பி ஹேடீஸின் காலை முறிக்கிறாள், அதுவும் நல்ல ஆங்கிலத்தில்.

சீனித்தாய் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மூன்றாவது வரியில் ஆங்கிலம் தீர்ந்துபோய்த் தமிழுக்கு வந்துவிட்டாள். “நான் கீழே போவேன். அந்த வீட்டில் உட்கார்ந்து எனக்கும் சோறு போடு என்பேன். மகள் சாப்பிட்ட வீட்டில் தாய் சாப்பிடாமல் நின்றால் தாய்தான் அந்நியம் ஆவாள். சோறு போட்டவன் என்னை வாசலில் நிறுத்திப் பேச முடியாது.”

ஆங்கிலத் தாளில் தமிழ். சுழி போட வேண்டும். ஐந்துக்கு ஐந்து போட்டேன். போட்டுவிட்டு மற்ற தாள்களைத் திருத்த முடியவில்லை.

28.9.78, வியாழன்

சீனித்தாயைக் கூப்பிட்டு யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். திட்டப் போகிறேன் என்று நினைத்து முழித்தாள்.

“எங்க அத்தை வீட்டோட ஏழு வருசம் பேச்சு இல்ல டீச்சர். ஒரு நாள் எங்கய்யா போயி, பசிக்கி, கஞ்சி ஊத்துங்கன்னு உக்காந்துட்டாவ. ஊத்திட்டாவ. பெறகு என்ன செய்ய முடியும்?”

உன் அய்யாவுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். என்ன கேள்வி அது?

“இருந்துச்சாம். கஞ்சியோட சேத்துக் குடிச்சிட்டாவளாம்.” சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

1.10.78, ஞாயிறு

போனேன். கேட்கவில்லை. சோறு என்ற சொல் வாய் வரை வந்தது.

கேட்டால் தோற்றதாகத்தானே அர்த்தம்? பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரிதானே? இந்தச் சின்னக் கழுதைக்கு என்ன தெரியும்! அவள் அய்யா விட்டுக்கொடுத்தது வீம்பை. நான் பெத்த பிள்ளையையில்லா விட்டுக்குடுக்கணும். மாட்டேன். ஏன் குடுக்கணும்?

15.10.78, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மத்தியானம். மாமனார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என் கணவரின் அண்ணன் மனைவி ஆறுமுகத்தாய் அக்கா குதிரைவாலிச் சோறும் மொச்சைக் குழம்பும் எடுத்துவைத்தார்கள். வேலுத்தாய் தாத்தாவை ஒட்டி உட்கார்ந்து, “அம்மாக்கு வயிறே கிடையாதா தாத்தா?” என்று கேட்டாள். பிள்ளை வேடிக்கையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக அவள் முன்னால் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

“அக்கா, எனக்கும் ஒரு தட்டு போடுங்க. பசிக்குது” என்றேன்.

அக்கா கரண்டியோடு நின்றுவிட்டார்கள். மாமனார் பிசைந்த கையை எடுக்கவில்லை. நான் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. முதல் கவளம் இறங்கவில்லை, விக்கிக்கொண்டது. அழுகை வேறு. மானங்கெட்ட அழுகை, சோற்றுக்கு முன்னாலேயா வரவேண்டும்?

“ஏட்டி ஆறுமுகத்தாய், பாத்துக்கிட்டு நிக்கியே, அவளுக்குத் தண்ணி குடு” என்றார் மாமனார்.

இரண்டு வருடத்தில் என்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை. சாப்பிட்டேன். இரண்டாந்தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். மோர் ஊற்றியும் சாப்பிட்டேன்.

16.10.78

தோற்றேனா ஜெயித்தேனா, தெரியவில்லை. வயிறு மட்டும் நிறைந்திருக்கிறது.

29.10.78, ஞாயிறு

நல்ல மழை. ஓடையில் தண்ணீர் வந்து, கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தும் போக வழியில்லை. மாமனார் தாழ்வாரத்தில் விதைப்புக்காகப் பருத்தி விதையில் சாணிப்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“தண்ணி கூடக் குடிக்காமப் போவ. உறவ அத்துக்கிட்டுப் போயிட்டன்னுதான் நான் நெனச்சேன். பிள்ளையயும் குடுத்துட்டா பெறகு இந்தப் பக்கம் எட்டிப் பாப்பியா? எம் மகன் பேரச் சொல்ல இங்கன என்ன இருக்கு எனக்கு?”

நான் பிள்ளைக்காகச் சாப்பிடாமல் இருந்தேன். அவர் நான் சாப்பிடாததால் பிள்ளையைத் தராமல் இருந்திருக்கிறார். இரண்டு வருடம்! யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருக்கக்கூடாதா? எனக்கும் வாய் இருந்ததே, முப்பத்தெட்டுப் பேருக்குக் கத்துகிற வாய்.

“அப்படி இல்ல மாமா” என்று மட்டும் சொன்னேன்.

“ம்” என்றார். தருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

16.1.79, செவ்வாய்

பொங்கலுக்கு மூன்று நாள் புதூரில். வேலுத்தாய் என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

18.2.79, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் கோவில்பட்டிக்கு வந்து என் வாடகை அறையைப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார், எதிர்வீட்டுக்காரர்கள் யார் என்று விசாரித்தார். பெண் கொடுக்க வந்தவர் கூட இத்தனை துருவமாட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

22.4.79, ஞாயிறு

“பள்ளிக்கூடம் தெறந்ததும் அங்கன சேத்துரு. லீவுன்னா இங்கன வந்துரணும்” என்றார்.

“சரி மாமா, கொண்டுவந்து விடுதேன்.”

“விட்டுட்டுப் போறதுக்கு இல்ல. நீயுந்தான்.”

எழுந்து அடுக்களைக்குள் போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

13.6.79, புதன்

முதல் பீரியட் பத்து ‘ஆ’. நான் உள்ளே நுழைந்தபோது சீனித்தாய் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது.

தலைமையாசிரியை மீனாட்சியம்மாள் வருகைப்பதிவேட்டை நீட்டி, “ஏழு நிமிசம் லேட். காரணம் எழுதுங்க” என்றார்கள். நானும் எழுதினேன்: மகளுக்குச் சடை பின்னினேன்.