இரண்டாவது தட்டு

சின்ன காஞ்சிபுரம்
6-7-2003

அன்புள்ள கிருஷ்ணம்மாளுக்கு,

நாமகிரி எழுதுகிறேன். கருட சேவைக் கூட்டத்தில் யாரோ தள்ளி விழுந்து என் கால் முறிந்ததாக நம்மோடு படித்த வடிவு உனக்குப் போனில் சொன்னாளாம். ஊரிலும் அதே பேச்சு. பெருமாளைச் சேவிக்கப் போய் விழுந்தவள் என்று எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதைகூடக் கிடைக்கிறது. அது உண்மையல்ல. கருட சேவை முடிந்த நான்காம் நாள், ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல் ஏறினேன். அதன் ஒரு கால் ஆடும் என்று தெரிந்தே ஏறினேன். இடது கணுக்காலில் இரண்டு முறிவு, எட்டு வாரம் மாவுக்கட்டு. எதையும் நடந்தபடி சொல்ல வேண்டும் எனக்கு. பள்ளியிலிருந்தே உனக்குத் தெரியும்.

உன் பார்சல் வந்தது. ஐம்பது வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் பொருள். உள்ளே விசிடியில் மூன்று சினிமா படங்கள், "கட்டிப்போட்டிருக்கும்போதாவது பார்" என்று ஒரு வரி. கீழே பெயர் இல்லை. ஆனால் உன் 'ர' இன்னும் கொக்கி போலத்தான் இருக்கிறது.

நான் சினிமா பார்க்காதவள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இருந்தாலும், என் மகன் வரத் வாங்கிக் கொடுத்துப் பிரிக்காமல் கிடந்த விசிடி பெட்டியை, வீட்டு வேலைக்கு வரும் செல்லியம்மாள் பிரித்து மாட்டினாள். கதை இல்லாத படம்தானே என்று கடல் படத்தைப் போடச் சொன்னேன்.

ஒரு திமிங்கிலம், அதன் கன்று. கன்றுக்கு மூச்சு முட்டும்போது தாய் அடியில் போய்த் தன் முதுகால் அதை மேலே தூக்கிவிடுகிறது. செல்லியம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நின்றாள். "இன்னாமா இது, நம்ம தேர் கணக்கா இருக்குது! இது பாட்டுக்கு தண்ணிக்குள்ள சுத்திக்கினு இருக்குது, நாம இங்க பால்காரன் கிட்ட சண்ட போட்டுக்கினு இருக்கறோம்" என்றாள். பாதி வீடு பெருக்காமல் கிடந்தது. நான் அந்த இடத்தை முதலிலிருந்து போடச் சொன்னேன்.

அறுபத்தாறு வயது வரை இது எனக்குத் தெரியாமலே உலகத்தில் இருந்திருக்கிறது. வேறு என்ன பார்க்கலாம்?

இப்படிக்கு,
நாமகிரி

---

கோயம்புத்தூர்
12-7-2003

ஏண்டி நாமகிரி,

இரண்டு பக்கக் கடிதத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை! நீ மாறவே இல்லை. படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன், அது உனக்கு எதற்கு.

கேட்டாயே, சொல்கிறேன். காலையில் பத்தரை மணிக்குக் காட்டு மிருகங்களைக் காட்டும் சேனல் ஒன்று உண்டு. எறும்புகள் இலையை அறுத்துத் தூக்கிப் போகும் நாளை விட்டுவிடாதே. சாயங்காலம் ஏழரை மணி சீரியல் வேண்டாம். ஒரு மாமியார் ஒரே புடவையில் நாலு மாதமாக முறைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அனுப்பியதில் சமையல்காரன் மாப்பிள்ளை வேஷம் போடும் படத்தைச் சாப்பிட்டபின் பார். சிரித்துப் புரையேறினால் நான் பொறுப்பில்லை.

மூன்றாவது, கறுப்பு வெள்ளைப் படம். அது எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டாம். அதற்கு இரண்டு தட்டு. முதல் தட்டு தேய்ந்திருக்கும். எத்தனை தடவை போட்டேன் என்று கணக்கில்லை. இரண்டாவதில் ஒரு கீறல் இருக்காது. நான் போட்டதே இல்லை. டிவியில் இரண்டு தடவை வந்தது. இடைவேளை என்றதும் எழுந்து போய்விட்டேன்.

1953இல் இதே படத்துக்கு இடைவேளை விளக்குப் போட்டபோது, நம் பள்ளி விடுதி மதரும் என் மாமாவும் தியேட்டர் வாசலில் நின்றார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. மறுநாளே பெட்டியோடு என்னை ஊருக்கு, மாகறலுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதத்தில் கல்யாணம். கணக்கில் உனக்கு முன்னால் நின்றவள் நான். என்னோடு வந்த வடிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் அப்பா சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

கப்பல் கரைக்கு வருகிறது, அதோடு விளக்குப் போட்டார்கள். அதிலிருந்து யார் இறங்கினார்கள், நாமகிரி? என்னைப் பாதியில் எழுப்பினவள் மீதியைச் சொல்லட்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன். அதனால்தான் பார்சல்.

உன்,
கிருஷ்ணம்மாள்

---

சின்ன காஞ்சிபுரம்
19-7-2003

அன்புள்ள கிருஷ்ணம்மாளுக்கு,

எறும்புகளைப் பார்த்தேன். நன்றி.

முதல் தட்டையும் பார்த்தேன். புருஷன் கப்பலேறிப் போய் ஏழு வருஷம். அவள் தினமும் கரையில் விளக்கு வைக்கிறாள். கப்பல் தெரிந்ததும் அவள் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். திரை முழுக்க முகம். கண்ணீர் கிளம்பி, இமையில் நின்று, விழுவது தெரிகிறது. இவ்வளவு கிட்டத்தில் நான் எந்த முகத்தையும் பார்த்ததில்லை. மலையேறிப் பெருமாளைச் சேவிக்கும்போதுகூட, அர்ச்சகர் காட்டும் தீபத்தில் ஒரு கணம் திருமுகம் தெரியும், அதற்குள் பின்னால் இருப்பவர் தள்ளுவார். இங்கே யாரும் தள்ளவில்லை. நான் கைகூப்பியிருந்ததைச் செல்லியம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மற்ற விஷயம். மதர் கேட்டார், நான் சொன்னேன். பொய் சொல்ல என்னால் முடியாது. அது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

இப்படிக்கு,
நாமகிரி

---

கோயம்புத்தூர்
24-7-2003

நாமகிரி,

மதர் கேட்டாரா? நானும் வடிவும் தலைவலி என்று படுத்துவிட்டு, விடுதிப் பின்வாசல் வழியாகப் போனோம். ஒருவருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தை மதர் எப்படிக் கேட்டார்?

இரண்டாவது தட்டைப் போடு.

கிருஷ்ணம்மாள்

---

சின்ன காஞ்சிபுரம்
2-8-2003

என் கிருஷ்ணம்மாளுக்கு,

இதில் அடித்தல்கள் இருக்கும். மன்னித்துக்கொள்.

இரண்டாவது தட்டைப் பார்த்தேன். சொல்கிறேன், கேள்.

யாரும் இறங்கவில்லை. கப்பல் கரையை ஒட்டி வந்து, நிற்காமல் போகிறது. "அய்ய, இன்னாம்மா, நிக்காமப் போவுது!" என்று செல்லியம்மாள் கத்தினாள். அப்போது படத்தில் அந்தப் பெண் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, தானே ஒரு படகை அவிழ்த்துத் துடுப்புப் போடுகிறாள். எட்டு நிமிஷம் பேச்சே கிடையாது. இருட்டுத் தண்ணீர், ஒரு பொட்டு வெளிச்சம். மனுஷர்கள் இதை யோசித்து, படம்பிடித்து, ஐம்பது வருஷம் கழித்து என் வீட்டுக் கூடத்தில் காட்டுகிறார்களே, இது என்ன வித்தை!

அவள் கயிற்றேணியில் ஏறுகிறாள். புருஷன் உள்ளேதான் இருக்கிறான். உயிரோடு, நன்றாக. இறங்க வெட்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் அந்தக் கரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறான். எனக்கு அந்த ஆள் மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் இறங்காமல் இருக்க இவனுக்கு என்ன கேடு என்று உரக்கவே கேட்டுவிட்டேன். கேட்டபின் வாயை மூடிக்கொண்டேன்.

மதர் கேட்கவில்லை. நானாகப் போனேன்.

நீ இரண்டு டிக்கெட்டுக்குக் காசு சேர்த்தது எனக்குத் தெரியும். இரண்டாவது எனக்கு என்று நினைத்தேன். முந்தின நாளே நீலத் தாவணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன், சுருக்கம் போக. "நாமகிரிய ஏண்டி கூப்புடற, அவ வரமாட்டா, கண்ண மூடிக்கினு ஜபம் பண்ணுவா" என்று நீ வடிவிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அரைமணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மதர் அறைக் கதவைத் தட்டினேன்.

விதியை மீறினாய் என்பதற்காகச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடவில்லை என்பதற்காகச் சொன்னேன். சினிமா பார்க்காதவள் என்ற பெருமையெல்லாம் அன்று ஆரம்பித்ததுதான். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. உன் படிப்பை நான் நிறுத்தினேன். அதை எந்த வார்த்தையாலும் திருப்பித் தர முடியாது.

கடைசிக் காட்சி பாக்கி. அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். அவள் விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு ஏதோ சொல்கிறாள். உதடு அசைகிறது, அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. படம் முடிந்துவிட்டது. மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். கேட்கக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அவன் முகம் மட்டும் நிமிர்கிறது. திட்டினாளா, வா என்றாளா, அதில் தெரியவில்லை.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்குத்தான் தெரியும். போன் செய்யாதே, போனில் நான் சரியாகக் கேட்டேனா என்ற சந்தேகம் எனக்கு வந்துகொண்டே இருக்கும். எதுவானாலும் எழுது. தபாலில் அனுப்பு.

உன்,
நாமகிரி