கட்டிலுக்கடியில் வைத்த கேஸ் தோங்

மாப்பிள்ளை,

நேற்று உம்முடைய பதினாறாம் நாள் காரியம். காஜா பேராங்கில் உம் வீடு முழுக்கச் சாம்பிராணி. நீரிணையில் போகிற கப்பலெல்லாம் திசை தப்பிக் கரையேறியிருக்கும், அப்படியொரு புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து உம் சிநேகிதர் ஒருவர் எழுந்து, பெண்டாட்டியைத் தீயிலிருந்து தூக்கிவந்த தீரர் என்று உம்மைப் புகழ்ந்தார். வாயைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் தங்கை வள்ளி, தழும்பேறிய வலது கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்ணே, இலை போடச் சொல்லுங்க" என்றாள். மூடிக்கொண்டேன்.

ஆகவே உமக்கே எழுதுகிறேன். நடந்தது தெரிந்தவர்கள் நான், அவள், நீர். வேறு யாரிடம் நான் போய்ப் பேச?

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சூட்டில் ஊரில் ஆளுக்கொரு பைத்தியம். சிலருக்குக் கட்சி, சிலருக்குக் கொடி. உமக்கு வேன். ராணுவம் கழித்துப்போட்ட தகரப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை வீட்டோடு உருண்டு போவேன் என்று சக்கரவர்த்தி மாதிரி அறிவித்தீர். கேஸ் அடுப்பு அப்போது ஊருக்கே புதுசு. விறகைத் தவிர வேறு அறியாத நம் சொந்தங்கள், கேஸ் அடைத்த அந்த இரும்புத் தோங்கை வெள்ளைக்காரன் மறந்துவிட்டுப்போன வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நான் பஸ் பட்டறையில் வெல்டிங் செய்கிறவன். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தண்ணீர்போலத் தரையில் தேங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தோங்கை வேனுக்கு வெளியே, பின்பக்கம் சட்டம் அடித்து மாட்டுவோம், குழாய் மட்டும் உள்ளே வரட்டும் என்றேன். நீர் சிரித்தீர். வெளியே மாட்டினால் வேன் முதுகில் பிள்ளை கட்டின மாதிரி இருக்குமாம். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவனெல்லாம் கழற்றிக்கொண்டு போவானாம். கட்டிலுக்கு அடியில்தான் என்று தீர்ப்பு வாசித்தீர். அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவள் என் தங்கை. அதற்குத்தான் கத்தினேன். எனக்குப் பொறாமை என்று அவளிடமே சொல்லிவைத்தீர். சரி, எப்படியோ தொலையட்டும், கசிகிற கேஸ் இறங்கிப்போகவாவது வழி இருக்கட்டும் என்று தரையில் துளை போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்து பார்த்தால், கொசு வருமென்று அதன்மேல் ரப்பர் விரிப்பை ஒட்டிவிட்டு அரண்மனை கட்டி முடித்தவர்போல் நிற்கிறீர்.

வேனும் வீடுதானே என்று பால் காய்ச்ச நாள் பார்த்தீர். உள்ளே சாம்பிராணி காட்டித் தட்டை வெளியே வைத்தார்கள். பால் பொங்கி வழிந்தது. கிழக்குப் பக்கம் வழிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். விறகடுப்பில் பால் வழிந்தால் மங்களம். கேஸ் அடுப்பில் வழிந்தால் தீ அணைகிறது, கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. சாம்பிராணி வாசம் மீறி அது யார் மூக்குக்கும் எட்டவில்லை. சொந்தக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைக்க முன்சக்கரத்துக்குப் போனார்கள். வள்ளி கட்டிலில் உட்கார்ந்தாள். நீர் பின்கதவருகே தரையில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சி கிழித்தீர்.

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். தரை முழுக்க நீலமாய் எழும்பியது. உம் அலறல் சுமத்திராவில் பயிர் வாடும்படி இருந்தது. நீர் குதித்த குதியில் வேட்டி தனியாகவும் நீர் தனியாகவும் தரையிறங்கினீர். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் குதிக்கவில்லை, மாப்பிள்ளை. கட்டில்மேல் குப்புறப் படுத்து, எரிகிற அடிப்பக்கத்தில் கையை விட்டு, தோங்கின் வாயைத் திருகி மூடினாள். பிறகுதான் இறங்கினாள். முன்பக்கத்து ஆட்கள் ஓடிவந்தபோது நீர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர். "நல்ல வேளை, இழுத்துப் போட்டேன்" என்றீர்.

கட்டுப் போட்ட கையோடு அவள் பட்டறைக்கு வந்தாள். "தோங்கை வெளியில மாட்டிக் குடுண்ணே. பத்துமலைக்குப் போகணும்."

"உன்னை விட்டுட்டு ஓடுனவனோடயா?"

"ஓடுனது அவருக்குத் தெரியும். அது போதும் எனக்கு."

எனக்குப் போதவில்லை. ஆனாலும் மாட்டிக் கொடுத்தேன், யானை தொங்கினாலும் அசையாத சட்டமாக. அதில் ஒரு திருகாணிகூட உமக்காக முடுக்கியதில்லை.

அதன்பின் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. ஒவ்வொரு பந்தியிலும் அந்தத் தீயை நீர் வளர்த்தீர். கடைசியில் தென்னைமர உயரத்துக்கு எரிந்தது, அதன் நடுவில் அவளைத் தோளில் சுமந்து நடந்தீர். சொல்லும்போது ஒருநாளும் என் பக்கம் திரும்பமாட்டீர். அவள் பரிமாறிக்கொண்டே போவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைவேன்.

உம்மேல் உள்ள கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. செத்துப்போனீர் என்பதற்காக அதில் ஒரு குந்துமணி குறைக்கமாட்டேன். இங்கே என்னைப் பேச அவள் விடமாட்டாள். நீர் போன இடத்தில் அவளுக்குப் பயப்பட வேண்டியதில்லை, என்னையும் பார்க்க வேண்டியதில்லை. அங்கேயாவது யாராவது அந்தத் தீயைப் பற்றிக் கேட்டால், மூடினவள் பெயரைச் சொல்லும்.