சுவரில் தொங்கும் சட்டைத் துண்டு

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். பனி உருகியதும் வந்து உன் கல்லறையைக் கூட்டிவிட்டுப் பூவை மாற்றி வைத்தேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அப்பா ஏதோ சாப்பிடுகிறார், தூங்குவதுதான் இல்லை. உன் தம்பி வேட், மர அறுவை ஆலை வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறான். நீ படித்த அதே கல்லூரிதான். வேறு கல்லூரி பார் என்றேன், இதுதான் பக்கம் என்கிறான்.

போன வாரம் மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனுக்குப் போனோம். உரிமம் இருக்கிறவர்கள் கல்லூரிக்குள்ளும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் கொண்டுவருகிறார்கள். அதைப் பற்றிச் சட்டசபையில் யார் வேண்டுமானாலும் பேசலாமாம். நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். வாசலிலேயே, சட்டம் வேண்டும் என்பவர்கள் உடையில் குத்திக்கொள்ள ஆரஞ்சு வில்லை கொடுத்தார்கள், வேண்டாம் என்பவர்கள் வெள்ளை வில்லை கொடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உன் பேராசிரியை ஒருவர், "நீங்க வாயத் திறந்தா போதும்மா, அவங்க கேப்பாங்க" என்றார். நான் இரண்டு வில்லையையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சாப்பிடக் கட்டிக்கொண்டு போன பெப்பரோனி இறைச்சி ரொட்டியைக் கூட நாங்கள் தொடவில்லை.

அப்பாதான் முதலில் பேசினார். எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. "என் மக அன்னிக்கு நூலகத்துல உக்காந்திருந்தா. அவளோட துப்பாக்கி வெளிய வண்டியில பூட்டிக் கிடந்துச்சு, உங்க விதிப்படி. அது கையில இருந்திருந்தா சுட வந்தவன் வாசப்படியைத் தாண்டியிருக்க மாட்டான். என் பொண்ணு வாழ்க்கையில ஒரே ஒரு தடவதாங்க குறி தப்பினா" என்றார். விளக்கு சிவப்பாகியும் யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த ஒரே ஒரு தடவை என்ன நடந்தது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும், சிட்டு.

உனக்குப் பதினான்கு வயது. முதல் மான் வேட்டை. குறி தப்பியவர் சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டி முகாம் சுவரில் அடிக்கிற வழக்கப்படி, அப்பா உன் சிவப்புக் கட்டம்போட்ட சட்டையை வெட்டினார். மெர்ல் சித்தப்பா, "என்னம்மா, மானைச் சுட்டியா, இல்ல வழியனுப்பி வச்சியா? இப்படியே போனா இந்தத் துண்டுங்கள வச்சுப் போர்வையே தச்சுரலாம்!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் முதுகில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "தப்பலம்மா. அது என்னையே பாத்துச்சு. வேணும்னேதான் மேல சுட்டேன். அப்பாகிட்ட சொல்லிராத."

நான் சொல்லவில்லை. கை நடுங்கிவிட்டது என்று நினைத்த அப்பா, கோடை முழுவதும் தகர டப்பாக்களை வேலியில் அடுக்கி உனக்குப் பயிற்சி கொடுத்தார். நீ ஒன்றைக்கூட விடாமல் சுட்டாய். அடுத்த வருடம் வேட்டைக்கு மட்டும் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். "நான் டெஸ்ஸாவோட அம்மா" என்றேன். மான் கதையைச் சொல்லிவிடத்தான் போனேன். முதல் வரிசையில் அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருந்தார். முகாம் சுவரில் இருக்கிற உன் சட்டைத் துண்டைத் தொட்டுவிட்டுத்தான் அவர் இன்னமும் காட்டுக்குள் இறங்குகிறார். "என்னால இவ்வளவுதாங்க முடியும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று சட்டம் நிறைவேறிவிட்டது. ராத்திரி அப்பா உன் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்தார். "இது இனி நம்ம பையனுக்கு. இவனையாவது வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்" என்றார். வேட் அதைத் தொடவே இல்லை. அப்பா எழுந்து போன பிறகு, "நீ சொல்லும்மா. வேணாம்னு நீ சொன்னா எடுத்துட்டுப் போகல, அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றான். காலையில் சொல்கிறேன் என்றேன். இப்போது விடிந்துவிட்டது. துப்பாக்கி வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடியில் அவன் பல் விளக்குகிற சத்தம் கேட்கிறது.

உன் தம்பியும் உன்னைப் போலத்தான். ஒரு சிலந்தியைக் கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிறவன். அவன் கையில் இதைக் கொடுத்தால் அவனைக் காப்பாற்றுகிறேனா, கொல்கிறேனா, தெரியவில்லை. எனக்குச் சோர்வாக இருக்கிறது, கண்ணே. நீ இருக்கிற இடத்தில் உன்னைக் கடவுள் நல்லபடியாக வைத்திருக்கட்டும். உன் தம்பியைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அம்மா,
வில்டா

பெயர் போட்ட பிறகும் மடிக்க மனசு வரவில்லை. படியில் அவன் இறங்கி வருகிறான். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடு, சிட்டு. அன்றைக்கு நூலகத்தில் இந்தத் துப்பாக்கி உன் கையில் இருந்து, சுட வந்த அந்தப் பையனும் உன்னையே பார்த்திருந்தால், நீ அவனைச் சுட்டிருப்பாயா, இல்லை மேலேதான் சுட்டிருப்பாயா?