மூன்றாம் மாடிக் கைப்பிடிக் கம்பி குறித்துக் கட்டட உரிமையாளர் தன்மீதே தரும் புகார்

அனுப்புநர்
கட்டட உரிமையாளர், முன்னாள் மின்பணியாளர்,
பன்னிரண்டு வாடகை வீடுகள் கொண்ட குடியிருப்பு, தரைத்தளம்.

பெறுநர்
கட்டடப் பாதுகாப்பு விசாரணை அதிகாரி அவர்கள்.

பொருள்: பால்கனியிலிருந்து விழுந்து தையற்காரரின் மனைவி இறந்தது – "குடியிருப்பவரின் கவனக்குறைவு" என்ற முடிவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முழங்கால் தேய்ந்து மாடி ஏற முடியாமல் போனதால், சென்ற ஆண்டு கட்டடத்தை ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். சாவிக்கொத்து, குழாய் வரைபடம், ஒப்பந்தங்கள் எல்லாம் கொடுத்தேன். தலைவலி விட்டது என்று இருந்தேன்.

2. மூன்றாம் மாடித் தையற்காரருக்கும் அவர் மனைவிக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. மணியை அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும்படி அவர்கள் வீட்டுக்கு நான்தான் செய்து கொடுத்திருந்தேன். நிறுவனம் வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒலி மட்டும் எழுப்பும் ஒரே மாதிரிப் புது மணி மாட்டியது. அந்த வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

3. பால்கனிக் கைப்பிடிக் கம்பி ஆடுகிறது என்று தையற்காரர் நான்கு முறை புகார்ப் புத்தகத்தில் எழுதினார். நான்கு முறையும் நிறுவனத்தின் ஆள் வந்தார், மணி அடித்தார், திரும்பினார். "ஆள் இல்லை, புகார் முடிக்கப்பட்டது" என்று பதிவானது. எனக்கு வந்த மாத அறிக்கையில் நிலுவை ஏதுமில்லை.

4. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒருநாள் பழுதுபார்ப்பவர் இறங்கி வந்து, "மூணாவது மாடியில மூணு தடவை பெல் அடிச்சேன், யாரும் திறக்கல சார்" என்றார். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "போன் பண்ணிப் பாருப்பா" என்றேன். யாருக்குப் போன் செய்யச் சொல்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஈரத்துணியோடு அந்தப் பெண் கம்பியில் சாய்ந்தார்.

5. தங்கள் அலுவலக விசாரணையில் சைகைமொழி தெரிந்தவர் யாரும் இல்லை. அதிகாரிகள் காட்டிய இடத்தில் தையற்காரர் கையெழுத்திட்டார். முடிவைப் படித்த நாள்முதல் அவர் தையல் இயந்திரத்தைத் தொடவில்லை. நேற்று ஒரு துண்டுச்சீட்டில் என்னிடம் எழுதிக் கேட்டார்: "அஞ்சாவது தடவையும் எழுதியிருந்தா வந்து பார்த்திருப்பாங்களா?"

ஆகவே, சைகைமொழி அறிந்தவரை வைத்து மறுவிசாரணை நடத்தவும், நிறுவனத்தோடு என்னையும் கூண்டில் ஏற்றவும் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'குடியிருப்பவர்' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். அந்தத் தாளின் நகலைத் தையற்காரர் கையிலேயே கொடுங்கள். அவர் கேட்டதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

தங்கள் அழைப்பாணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கட்டட உரிமையாளர்

நாள்: விபத்து நடந்து முப்பத்தோராம் நாள்
இடம்: மேற்படி கட்டடம், தரைத்தளம்