மாங்கரை மதகுக்கு விரைவுப் புறா வேண்டுமா என்பது குறித்து

முகில் தங்கும் குன்றங்களைத் தம் குடைக்கீழ் உடைய வெண்ணாவல் நாட்டு அரசர்பெருமானின் பேரமைச்சர் இளநாகனார் திருமுன்புக்கு, மாங்கரை ஏரியின் மதகுக் காவலன் பூதன் நிலம் தொட்டு வணங்கி விடுக்கும் ஓலை. நாடு நனைக, தங்கள் இல்லத்து அடுப்பு அணையாதிருக்க.

வடபுல வணிகரின் விரைவுப் புறாவை மதகுக்கு வாங்கலாமா, அதன் பொருட்டுப் புதிய மதகுப் பலகையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா என்று ஆய்ந்து சொல்லப் பணித்தீர்கள். பூதனுக்குத் தலைகால் புரியவில்லை. மண் சுமந்து தேய்ந்த தோளோடு, நரை கண்டபின் எழுத்துக் கற்றவன் அவன். அவனிடம் அமைச்சர் கருத்துக் கேட்பதா! ஊரைக் கூட்டிச் சோதனை வைத்தான்.

மலையில் மழை பெய்தால் மதகுக்குச் செய்தி விடுக்கும் மேல்மலைக் காவலர் ஒரே செய்தியை இரு ஓலை நறுக்குகளில் எழுதி, புதுப் புறாவின் காலிலும் பழம்புறாவின் காலிலும் கட்டி ஒருசேரப் பறக்கவிட்டார்கள். வெயில் ஏறுமுன் புதுப் புறா வந்துவிட்டது. ஊர் ஆரவாரித்தது. பூதன் நறுக்கை அவிழ்த்து எழுத்துக் கூட்டலானான். ஓரெழுத்தைப் பிடித்தால் முந்தையது நழுவியது. வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் வரியில் அவன் தடுமாறிக்கொண்டிருக்கையில் பழம்புறாவும் வந்து கூரைமேல் அமர்ந்தது.

மதகில் கூலிவேலை செய்யும் அவன் அக்காள் மகள் வெண்ணி, “கெழடும் வந்துருச்சு, எங்க மாமன் இன்னும் ரெண்டாவது வரியிலயே மேயுறாரு!” என்றாள். கரை முழுக்கச் சிரிப்பு. அத்தோடு விட்டாளா? “அதுல என்னதான் மாமா எழுதியிருக்கப் போவுது? மலையில மழைன்னா தொற, இல்லன்னா மூடு. காலுல செவப்பு நூலு கட்டுனா தொறக்குறோம், வெள்ளை நூலுன்னா மூடுறோம். இதுக்குப் போயி எழுத்து எதுக்கு?” என்றும் சொன்னாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அது சரியென்று எல்லோருக்கும் பட்டது, பூதனுக்கும் பட்டது. எழுத்தறிந்தவன் என்பதற்காகவே மண்கூடையிலிருந்து காவலுக்கு உயர்த்தப்பட்டவன், கூனிக் குறுகிப்போனான். நூல் யோசனையை மறைத்துப் புறாவை வாங்குக என்று எழுதினால் நறுக்கும் தொடரும், அவன் காவலும் தொடரும். ஆனால் உளுத்த பலகை இந்த மழையைத் தாங்காது. கரையடிக் குடிசைகளை நீர் வாரிக்கொண்டு போய்விடும்.

ஆகவே புறா வேண்டாம். பலகை வருக. இருநிற நூலும் மேல்மலைக்குச் செல்க. நிறம் பார்த்து மதகு திறக்க வெண்ணி போதும். காவல் அவளுக்கே ஆகுக. பூதன் மண்கூடைக்குத் திரும்ப விடை தருக. இவ்வோலையில் பிழை மிகுதி. அவையில் வாசிக்குங்கால் நகைப்போரைத் தாங்கள் தடுக்க வேண்டா.

எழுதினான் பூதன், தன் கையாலேயே. கீழே மதகு முத்திரை. நாளை முதல் இது வெண்ணியினது.